ஆன்லைன் ஹேக்கத்தானுக்கு ஊரில் ஓர் அறை: நேரடிச் சந்திப்பைத் திட்டமிடும் வழி

ஹேக்கத்தான் என்பது பலர் சேர்ந்து குறிப்பிட்ட நேரத்துக்குள் மென்பொருள், வரைபடம் போன்ற ஒரு பொது வேலையைச் செய்யும் நிகழ்வு. ஆன்லைனில் நடக்கும் தன்னார்வ ஹேக்கத்தானில் கலந்துகொள்ள ஒரு லேப்டாப்பும் இணையமும் இருந்தால் போதும் என்று அறிவிப்பில் போட்டிருப்பார்கள். ஏற்கெனவே பழகியவர்களுக்கு அது சரிதான். புதிதாக வருகிறவர் சாட்டுக்குள் நுழைந்ததுமே செய்திகள் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும், யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாது, மென்பொருளை நிறுவும்போதே புரியாத ஏதோ ஒரு பிழை வரும், அத்தனை பேர் நடுவில் அதைக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டேபை மூடிவிட்டுப் போய்விடுவார். இப்படி சத்தமில்லாமல் போகிறவரைப் பிடித்து உட்காரவைக்கத்தான் நேரடிச் சந்திப்பு. பக்கத்து நாற்காலியிலிருந்து "எங்க, காட்டுங்க பார்ப்போம்" என்று திரையை எட்டிப் பார்க்க ஒருவர் இருந்தால் அதே பிழை சில நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

ஆகவே திட்டமிடும்போது இரண்டு கேள்விகளை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். முதல்முறை வருகிறவர் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் சின்னதாக ஒரு பங்களிப்பையாவது முடித்து அனுப்பியிருப்பாரா? அறைக்குள் நடப்பது ஆன்லைனில் இருப்பவர்களுக்குத் தெரிகிறதா? எந்த இடம், எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் இந்த இரண்டிலிருந்துதான் முடிவாக வேண்டும். பேனர், டிஷர்ட், பரிசு எதுவும் இல்லாமலே அருமையான சந்திப்பு நடத்தலாம்.

இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்தபோது உலகின் பல மூலைகளில் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரின் தெருக்களையும் கட்டடங்களையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடத்தில் வரைந்தார்கள், மீட்புப் பணியில் இருந்தவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். 2014-ல் செஞ்சிலுவை அமைப்புகளும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஹ்யூமனிட்டேரியன் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் குழுவும் சேர்ந்து மிஸ்ஸிங் மேப்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கிய பிறகு, மேப்பத்தான் என்ற பெயரில் இந்த வேலையை ஓர் அறையில் கூடிச் செய்யும் வழக்கம் நன்றாகப் பரவியது. கூடுவது அறையில் என்றாலும் வேலை உலகம் முழுவதற்கும் பொதுவான பட்டியலில்தான் நடக்கிறது. டாஸ்கிங் மேனேஜர் என்ற தளம் ஒரு நிலப்பரப்பைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து வைத்திருக்கும், ஒருவர் ஒரு சதுரத்தை எடுத்து வரைவார், முகம் தெரியாத இன்னொருவர் வேறு எங்கிருந்தோ அதைச் சரிபார்ப்பார். ஒவ்வொரு துண்டும் சிறியது, மற்றவர் முடிப்பதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, முடித்த உடனே எல்லாருக்கும் தெரிகிறது. உங்கள் ஹேக்கத்தான் நிரல் சார்ந்தது என்றாலும் அறைக்கான வேலைகளை இதே மாதிரி உடைக்கப் பாருங்கள்.

மையக் குழுவிடம் முதலில் கேட்க வேண்டியவை

இடம் தேடக் கிளம்புவதற்கு முன்பே ஹேக்கத்தானை நடத்துகிறவர்களுக்கு எழுதுங்கள். உள்ளூர்ச் சந்திப்புகளை அவர்கள் அனுமதிக்கிறார்களா, பெயரையும் லோகோவையும் பயன்படுத்தலாமா, சந்திப்புக்கு வருகிறவர் ஒவ்வொருவரும் ஆன்லைனிலும் தனியாகப் பதிவு செய்ய வேண்டுமா, குழு சேர்வதற்கு விதி ஏதாவது உண்டா, செய்யும் வேலை எந்த உரிமத்தில் வெளியாகும். கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுவார்கள். ஆனால் தன்னார்வமாக உழைக்கிறவருக்குத் தன் உழைப்பு எப்படிப் பயன்படப்போகிறது என்று தெரிந்துகொள்ள முழு உரிமை உண்டு, அதை முன்கூட்டியே சொல்வது உங்கள் கடமை.

நடத்தை விதிகளைப் பற்றியும் கேளுங்கள். ஆன்லைன் நிகழ்வுக்குப் பெரும்பாலும் ஒன்று இருக்கும், ஆனால் அதில் புகார் தர ஒரு மின்னஞ்சல் முகவரிதான் போட்டிருப்பார்கள். அறையில் ஒருவர் இன்னொருவரிடம் தவறாக நடந்துகொண்டால் மின்னஞ்சலுக்குப் பதில் வரும்வரை காத்திருக்க முடியாது. எனவே அறைக்கென்று இரண்டு பேரை நியமித்து, யார் அவர்கள் என்று தொடக்கத்திலேயே எழுந்து நிற்கச் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். இரண்டு பேர் ஏன் என்றால், புகாரே அவர்களில் ஒருவரைப் பற்றியதாகவும் இருக்கலாம்.

கூடவே, உங்கள் சந்திப்புக்கென்று சாட்டில் தனிச் சேனல் வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டும், ஆனால் யார் வேண்டுமானாலும் வந்து படிக்கக்கூடிய திறந்த சேனலாக இருக்கட்டும். தனி வாட்ஸப் குழு ஆரம்பித்துவிட்டால் எல்லாப் பேச்சும் அங்கேயே போய்விடும், பிறகு அதை வெளியே கொண்டுவருவது கஷ்டம். வழி கேட்கவும் "வந்துட்டேன், எந்த மாடி" என்று கேட்கவும் மட்டும் அந்தக் குழுவை வைத்துக்கொள்ளலாம்.

எந்த நேரம்

ஆன்லைன் நிகழ்வு 48 மணி நேரம் நடக்கிறது என்பதற்காக நீங்களும் 48 மணி நேரம் அறையைத் திறந்து வைக்க வேண்டியதில்லை. ஐந்து அல்லது ஆறு மணி நேரம் தாராளம். இரவு முழுக்க விழித்திருக்கும் ஏற்பாட்டை நான் சிபாரிசு செய்யமாட்டேன்: குழந்தை உள்ளவர்கள், இரவில் தனியாகத் திரும்ப முடியாதவர்கள், உடல்நிலை இடம் தராதவர்கள் என்று ஒரு பெரிய கூட்டத்தையே அது வாசலிலேயே தடுத்துவிடும். பகலில் தொடங்கி, பஸ்ஸோ ரயிலோ நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

அந்த ஆறு மணி நேரத்தை எங்கே வைப்பது? பலருக்கும் தொடக்க விழாவோடு சேர்த்து வைக்கத் தோன்றும். ஆனால் முதல் சில மணி நேரம் ஆன்லைனில் ஒரே குழப்பமாக இருக்கும், வழிகாட்டிகளைப் பிடிக்கவே முடியாது, வேலைப் பட்டியல் அப்போதுதான் மாறிக்கொண்டிருக்கும். கடைசி மணி நேரங்களோ சமர்ப்பிக்கும் பரபரப்பில் போய்விடும், புதியவரைக் கவனிக்க யாருக்கும் நேரம் இருக்காது. தொடக்கம் அடங்கி வேலை சூடு பிடிக்கும் இடைவெளிதான் நல்ல நேரம். நீங்கள் எடுத்துக்கொள்ளப்போகும் திட்டத்தின் பராமரிப்பாளர் (வரும் மாற்றங்களைப் பார்த்து ஏற்கிறவர்) அந்த நேரத்தில் விழித்திருப்பாரா என்பதையும் பார்த்துவிடுங்கள். அவர் பூமியின் மறுபக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தால் உங்கள் அறையின் கேள்விகள் எல்லாம் அப்படியே தொங்கும்.

நேரத்தை யுடிசி-யில் (உலகப் பொது நேரத்தில்) எழுதி, பக்கத்திலேயே உள்ளூர் நேரத்தையும் எழுதுங்கள். அக்டோபர் கடைசியிலோ மார்ச்சிலோ நிகழ்வு வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை மாற்றுவார்கள், அமெரிக்காவிலோ நவம்பர் முதல் ஞாயிறன்றுதான் மாற்றுவார்கள். இடைப்பட்ட வாரத்தில் வழக்கமான கணக்கு ஒரு மணி நேரம் தப்பிப்போகும், வீடியோ காலில் பேச ஒப்புக்கொண்டவர் வராமல் அறையே காத்திருக்கும்.

இடத்தைப் போய்ப் பாருங்கள்

இடம் கொடுக்கிறவர் போனில் "வைஃபை எல்லாம் இருக்கு" என்பார். நம்பலாம், ஆனாலும் ஒருமுறை லேப்டாப்போடு நேரில் போய், அன்று செய்யப்போகும் வேலையை அங்கேயே உட்கார்ந்து செய்து பாருங்கள். வேகம் காட்டும் தளத்தில் எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ரெப்போவை (திட்டத்தின் கோப்புகள் இருக்கும் களஞ்சியத்தை) இறக்குங்கள், ஒரு சின்ன மாற்றத்தை புஷ் செய்யுங்கள் (அங்கே திருப்பி அனுப்புங்கள்), சாட்டைத் திறங்கள், வீடியோ காலில் ஒரு நண்பரிடம் பேசுங்கள். கல்லூரி, நூலகம், அலுவலகம் போன்ற இடங்களில் சில தளங்களையும் போர்ட்களையும் (இணைப்புகள் போய்வரும் எண்ணிட்ட வழிகளை) தடுத்து வைத்திருப்பது சகஜம். எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு முறை பயன்படுத்தும் 22-ஆம் போர்ட் அடைபட்டிருந்தால், மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் என்ற மென்பொருள் வழியாகச் செய்யும் புஷ் அப்படியே நின்றுவிடும், திரையில் எந்தக் காரணமும் தெரியாது. ரெப்போக்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் அதே இணைப்பை 443-ஆம் போர்ட் வழியாகச் செய்ய முடியும், அல்லது எச்டிடிபிஎஸ் (https என்று தொடங்கும்) முகவரிக்கு மாறிவிடலாம், ஆனால் இதை முந்தின வாரமே தெரிந்து வைத்திருந்தால்தான் அன்று காலை பதற்றம் இருக்காது.

இன்னொரு சிக்கல் ஆளில்லாத அறையில் சோதித்துப் பார்த்தால் தெரியவே தெரியாது. ஒரே வைஃபையில் இருக்கும் அத்தனை பேரும் வெளியுலகத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஐபி முகவரியாகத்தான் (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) தெரிவார்கள். விக்கிப்பீடியாவில் ஒரு ஐபி முகவரியிலிருந்து ஒரு நாளில் ஆறு கணக்குகள்தான் தொடங்க முடியும், ஏழாவது ஆள் பதிவு செய்யப் போனால் தடுத்துவிடும். கிட்ஹப்பின் ஏபிஐ (மென்பொருள்கள் அந்தத் தளத்திடம் தகவல் கேட்கும் வழி), லாகின் செய்யாதவர்களுக்கு ஒரு ஐபி-க்கு மணிக்கு 60 கோரிக்கைகள்தான் தரும். மென்பொருள் தொகுப்புகளை இறக்கும் டாக்கர் ஹப் தளத்திலும் இப்படி ஓர் அளவு உண்டு. இதற்கு எளிய தீர்வு, தேவையான கணக்குகளை வீட்டிலேயே தொடங்கி, லாகின் செய்து பார்த்துவிட்டு வரச் சொல்வது. அப்படியும் சிலர் செய்யாமல் வருவார்கள், அவர்களை போனின் மொபைல் டேட்டாவில் பதிவு செய்யவைத்துவிடலாம். விக்கிப்பீடியா சார்ந்த சந்திப்பு என்றால் அந்த வரம்பைத் தற்காலிகமாகத் தளர்த்தக் கேட்கவும் வழி இருக்கிறது, நாள் நெருங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பெரிய கோப்புகளை எல்லாரும் ஒரே நேரத்தில் இறக்க ஆரம்பித்தால் எந்த இணைப்பும் திணறும். நிறுவவேண்டிய மென்பொருள், ரெப்போவின் பிரதி, தரவுக் கோப்புகள் எல்லாவற்றையும் மூன்று நான்கு பென்டிரைவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் உரியதை. பழைய யோசனைதான், ஆனால் நன்றாக வேலை செய்கிறது.

மின்சாரத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண லேப்டாப் சார்ஜர் 65 வாட் என்று வைத்தால் இருபது பேருக்கு 1,300 வாட். கேமிங் லேப்டாப் கொண்டுவருகிறவர்கள் இருந்தால் அவர்களுடைய சார்ஜர் ஒவ்வொன்றும் 200 வாட்டைத் தாண்டலாம். அறையில் இரண்டே பிளக் பாயிண்ட் இருக்கிறதென்று ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொன்று, அதில் இன்னொன்று என்று செருகிக்கொண்டே போவது ஆபத்து. எந்த பாயிண்ட் எவ்வளவு தாங்கும் என்று கட்டடத்தைக் கவனிக்கிறவரிடம் கேட்டு, சுமையைப் பிரித்துப் போடுங்கள். தரையில் ஓடும் வயர்களை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

படிக்கட்டு இல்லாமல் உள்ளே வர முடியுமா, கழிப்பறை எந்த நிலையில் இருக்கிறது, கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் உட்கார ஒரு மூலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பார்த்ததை உள்ளபடியே அறிவிப்பில் எழுதுங்கள். லிஃப்ட் இல்லை என்றால் இல்லை என்றே போடுங்கள். தெரிந்து வராமல் இருப்பதைவிட, தெரியாமல் வந்து வாசலில் நிற்பது ஒருவருக்கு மிகவும் வேதனையாக இருக்கும்.

வேலைகளைப் பொறுக்கி வைப்பது

மேலே சொன்னதெல்லாம் நன்றாக அமைந்தும் சந்திப்பு சப்பென்று போகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்: வந்தவர்களுக்குச் செய்ய வேலை தயாராக இல்லை. "பட்டியலைப் பாருங்க, பிடிச்சதை எடுத்துக்கோங்க" என்று சொல்லி உட்காரவைத்தால் புதியவர் அந்தப் பட்டியலை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே மதியம் வரை இருப்பார்.

ஆட்களைவிடக் கொஞ்சம் அதிகமான எண்ணிக்கையில் வேலைகளை முன்கூட்டியே தேர்ந்தெடுங்கள். புதியவர்களுக்கு ஏற்றது என்று லேபிள் ஒட்டியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், அந்த லேபிளைப் பல மாதங்களுக்கு முன் யாரோ ஒட்டியிருக்கலாம். இஷ்யூவைத் (அந்த வேலைக்கான பதிவை) திறந்து கடைசி கமெண்ட் எப்போது வந்தது, யாராவது ஏற்கெனவே எடுத்திருக்கிறார்களா, அந்தப் பிரச்சினை இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் எதுவும் நிறுவாத ஒரு லேப்டாப்பில் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரு வேலையை நீங்களே செய்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பழகிய உங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனால் புதியவருக்கு அந்த மதியம் முழுக்கப் போய்விடும், அதைவிடச் சின்ன வேலை தேடுங்கள்.

நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கும் முழுமையான வேலை இருக்கிறது. ஆவணங்களைப் படித்துத் தவறு கண்டுபிடிப்பது, மொழிபெயர்ப்பு, படங்களுக்கு மாற்று உரை (படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்கு அதை விளக்கும் வரி) எழுதுவது, பழைய பிழை அறிக்கைகளை மறுபடி சோதித்துப் பார்ப்பது. இதையெல்லாம் இரண்டாந்தர வேலை மாதிரி ஒதுக்குப்புறத்தில் வைக்காதீர்கள், நிரல் வேலையோடு ஒரே பட்டியலில் கலந்து வையுங்கள்.

எண்ணிக்கையில் இலக்கு வைக்கவே வேண்டாம். 2020 அக்டோபரில் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற திறமூலப் பங்களிப்பு நிகழ்வில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தை ஏற்கக் கேட்கும் கோரிக்கை) அனுப்பினால் டிஷர்ட் என்று இருந்ததால், ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஓரிரு சொல்லை மாற்றி அனுப்பும் வெற்றுக் கோரிக்கைகள் குவிந்து, பராமரிப்பாளர்கள் நொந்துபோனார்கள். அந்த மாதமே விதியை மாற்றி, விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே அதில் சேரும்படி செய்தார்கள். உங்கள் அறையிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் மறுமுனையில் ஒரு மனிதர் தன் சொந்த நேரத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும். உருப்படியாக ஒன்று போதும்.

பதிவும் பொறுப்புகளும்

பதிவுப் படிவம் சின்னதாக இருக்கட்டும். பெயர், தொடர்புக்கு ஒரு வழி, லேப்டாப் இருக்கிறதா, முன்பு இப்படிக் கலந்துகொண்டது உண்டா, வருவதற்கோ உட்காருவதற்கோ ஏதாவது உதவி வேண்டுமா. இவ்வளவு போதும். இலவச நிகழ்வுக்குப் பதிவு செய்த எல்லாரும் வரமாட்டார்கள், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, முந்தின நாள் ஒரு நினைவூட்டல் அனுப்பி "வர முடியலைன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, காத்திருக்கிறவருக்கு அந்த இடத்தைத் தரலாம்" என்று எழுதினால் கொஞ்சம் தெளிவு கிடைக்கும். சந்திப்பு முடிந்து தேவை தீர்ந்ததும் அந்தப் பட்டியலை அழித்துவிடுங்கள், அழிப்போம் என்பதைப் படிவத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பொறுப்புகளில் ஒன்றே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: ஒருங்கிணைக்கிறவர் அன்று தனக்கென்று எந்த வேலையும் எடுக்கக் கூடாது. வாசலில் தயங்கி நிற்கிறவர், சார்ஜர் தேடுகிறவர், பத்து நிமிடமாக ஒரே திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறவர், இவர்கள் எல்லாம் கண்ணில் படவேண்டும் என்றால் உங்கள் தலை நிமிர்ந்திருக்க வேண்டும். நான்கைந்து புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி இருந்தால் சமாளிக்கலாம். வழிகாட்டிகளிடம் முன்பே சொல்லிவையுங்கள், அடுத்தவர் கீபோர்டை வாங்கித் தட்டக் கூடாது, வாயால் சொல்லி அவரையே செய்யவைக்க வேண்டும்.

அறைக்கும் ஆன்லைனுக்கும் நடுவே

ஓர் அறையில் கூடினால் பேசித் தீர்ப்பது சுலபம், அதனால் யாரும் எழுதமாட்டார்கள். இதனால் வெளியே இருப்பவர்களுக்கு உங்கள் அறை ஒரு தீவு ஆகிவிடும்: இரண்டு மணி நேரம் ஒரு சத்தமும் இல்லை, திடீரென்று ஐந்து புல் ரிக்வெஸ்ட். அதே வேலையை ஆன்லைனில் இன்னொருவர் பாதி முடித்திருப்பார்.

இதற்காகவே ஒருவரை நியமியுங்கள். அவருக்கு வேறு வேலை கிடையாது, மேசை மேசையாகப் போய்க் கேட்டு சாட்டில் எழுதுவார், சாட்டில் வந்ததை மேசைக்குக் கொண்டுபோவார். நீளமாக எழுத வேண்டியதில்லை. "இரண்டாம் மேசை: தேடல் பக்கத்தின் பிழையை எடுத்திருக்கிறோம், மாலைக்குள் அனுப்பப் பார்க்கிறோம். வேறு யாராவது செய்துகொண்டிருந்தால் இப்போதே சொல்லுங்கள்." இப்படி ஒரு செய்தி போதும். அறையில் எடுத்த எந்த முடிவும் இஷ்யூவிலோ சாட்டிலோ எழுதப்படும்வரை எடுக்கப்படாத முடிவுதான் என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

வீடியோ கால் என்றால், அறையில் ஒரே ஒரு லேப்டாப்பில்தான் மைக்கும் ஸ்பீக்கரும் திறந்திருக்க வேண்டும். தனித்தனியாகக் காலில் சேர்ந்தவர்கள் மைக், ஒலி இரண்டையுமே அணைக்க வேண்டும், மைக்கை மட்டும் அணைத்தால் ஒருவர் ஸ்பீக்கரின் ஒலி அந்தத் திறந்த மைக்குக்குள் போய் எதிரொலிக்கும். தூரத்து மேசையில் கேட்கும் கேள்வி மறுமுனைக்குக் கேட்காது, மைக் பக்கத்தில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் கேட்க வேண்டும். நாள் முழுக்க வீடியோ காலைத் திறந்து வைப்பதில் பயனில்லை. குறிப்பிட்ட நேரத்தில் இருபது நிமிடம், ஆன்லைன் குழுவிலிருந்து ஒருவர் வந்து பேசி, கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும்.

அன்று

வருகிறவரை உடனே ஒரு மேசையில் உட்காரவையுங்கள். தொடக்கவுரை பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்: இது என்ன வேலை, யாருக்குப் பயன்படப்போகிறது, கழிப்பறை எங்கே, சாப்பாடு எப்போது, உதவிக்கு யார், போட்டோ எடுக்கச் சம்மதமா. போட்டோ வேண்டாம் என்பவர்களுக்கு வேறு நிறத்தில் பேட்ஜ் கயிறு கொடுத்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் அவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்காது.

பிறகு எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு முழுச் சுற்று. வரைபட வேலை என்றால் இப்படி: எல்லாரும் ஒரு சதுரத்தை எடுக்கிறார்கள், படத்தில் ஒரு கூரையைத் தேடி அதன் நான்கு மூலைகளையும் சொடுக்குகிறார்கள், கட்டடம் என்று வகை குறிக்கிறார்கள், க்யூ விசையை அழுத்தியதும் கோணலாக இருந்த மூலைகள் நேராகின்றன, ஒரு வரிக் குறிப்பு எழுதிச் சேமிக்கிறார்கள். அவ்வளவுதான், பங்களிப்பு உலக வரைபடத்தில் ஏறிவிட்டது. அந்த இடத்தில் அறையில் ஒரு சலசலப்பு எழும், அதற்குப் பிறகு யாரையும் ஊக்கப்படுத்த வேண்டியிருக்காது. (இந்த வேலைக்கு மவுஸ் கொண்டுவரச் சொல்லுங்கள், டச்பேடில் நூறு கூரை வரைந்தால் விரல் வலிக்கும்.) நிரல் வேலை என்றாலும் இதே மாதிரி, பயிற்சிக்கென்று ஒரு ரெப்போவில் ஆளுக்கு ஒரு வரியை மாற்றி அனுப்பி, ஒரு வழிகாட்டி உடனே அதை ஏற்றுக்கொள்வது வரை செய்துவிட்டுப் பிறகு உண்மையான வேலைக்குப் போகலாம்.

முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பு புதிய வேலை எடுப்பதை நிறுத்துங்கள். பாதியில் இருப்பதைப் பாதி என்றே எழுதி இஷ்யூவில் வைக்கச் சொல்லுங்கள், எதுவரை செய்தேன், எங்கே நிற்கிறது, அடுத்து என்ன பார்க்க வேண்டும் என்று. பூமியின் மறுபக்கத்தில் அப்போதுதான் எழுந்து வருகிற ஒருவர் அதைத் தொடர முடியும்.

அடுத்த வாரங்கள்

அனுப்பிய புல் ரிக்வெஸ்ட் அன்றே ஏற்கப்படும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சில நாட்களோ வாரங்களோ கழித்து "இதை மட்டும் மாற்றிக் கொடுங்கள்" என்று ஒரு கமெண்ட் வரும், புதியவர் அந்த மின்னஞ்சலைப் பார்க்கமாட்டார், பார்த்தாலும் நிராகரித்துவிட்டார்கள் என்று நினைத்து விட்டுவிடுவார். எனவே அறையிலிருந்து கிளம்பிய கோரிக்கைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் திறந்து பார்த்து, உரியவரிடம் "உங்களுடையதுக்குப் பதில் வந்திருக்கு, சேர்ந்து பார்க்கலாமா?" என்று கேட்க வேண்டும். இதற்காக ஓர் அரைமணி நேர ஆன்லைன் அழைப்பை இரண்டு வாரம் கழித்து, சந்திப்பு நடக்கும் அன்றே குறித்துவிடுங்கள்.

மையக் குழுவுக்கு அனுப்பும் அறிக்கையில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு நிறுத்திவிடாமல், எங்கெங்கே தடுமாறினார்கள் என்று எழுதுங்கள். ஐந்து பேர் நிறுவும்போது அதே நான்காவது படியில் நின்றிருந்தால் தவறு அந்த ஐந்து பேரிடம் இல்லை, நிறுவும் குறிப்பில் இருக்கிறது. அன்று வழிகாட்டிகள் துண்டுச்சீட்டில் குறித்து வைத்த தடுமாற்றங்களை எல்லாம் தொகுத்து, நிறுவும் குறிப்பைத் திருத்தி, தடுமாறியவர்களில் ஒருவர் பெயரிலேயே புல் ரிக்வெஸ்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.